மூன்று பேராக இருந்தபோது

பிப்ரவரி 9

அன்பு அக்காவுக்கு,

தையல் போட்ட வயிறும் தூங்காத கண்ணுமாக உன் தங்கை வீடு வந்து சேர்ந்துவிட்டாள். மற்றபடி எல்லோரும் சுகம். உன் மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? டாக்டர் கொடுத்த பட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறாயா, இல்லை "எனக்கென்ன" என்று கழற்றி வீசிவிட்டாயா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனிதர், பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினார். மூன்றாவது மாடித் தையற்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார், உங்க வீட்டு லிஃப்டுக்கு மட்டும் லீவா?" என்று கேட்டார். பெரியவள் ரேடியோ எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினாள். படியில் ஒரு பூனைகூட இல்லை.

நீ வைத்த பெயர்தான் இன்னும் அவளுக்கு நிலைத்திருக்கிறது. நர்சரியில்கூட ரேடியோ என்றே கூப்பிடுகிறார்களாம். படம் வரைந்தால் பாட்டு, பல் துலக்கினால் பாட்டு, தூக்கத்தில் முனகல்கூட ராகமாகத்தான் வருகிறது. தம்பியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குக் கழுத்தே இல்லையே, அப்பா மாட்ட மறந்துட்டாரா?" என்று கேட்டாள். சிரித்ததில் தையல் வலித்தது.

போனில் பேசலாமே என்கிறார் அவர். போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். பாதியில் ரேடியோ பிடுங்கிக்கொள்கிறாள். உன் பக்கம் சலவை மெஷின் இரைச்சல். எழுதியே பழகிய நமக்கு எழுத்தே போதும்.

நாளையோடு அவர் லீவு முடிகிறது. ரேடியோ பிறந்தபோது நீ மூன்று மாதம் இங்கே இருந்தாய். அது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். உன்னால் வர முடியாது என்று எனக்குத் தெரியும். வரச் சொல்லி எழுதவில்லை.

உன் தங்கை

பிப்ரவரி 20

என் அருமைத் தங்கைக்கு,

நான் கல்லு மாதிரி இருக்கிறேன். மணிக்கட்டைப் பற்றிக் கேட்காதே, அது தனி ஆள், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தையல் ஆறுகிறதா? குனிந்து எதையும் தூக்காதே.

இந்த ஹோட்டலில் தூங்குகிறவர்களைவிடத் துண்டுகள் அதிகம். ஏதோ பெரிய மாநாடு நடக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தினமும் புது விரிப்பு. பழைய நீராவி இஸ்திரிப் பெட்டி படுத்துவிட்டது, புதியது வந்திருக்கிறது. அதை யாருக்கும் ஓட்டத் தெரியவில்லை. இப்போது லீவு கேட்டால் மானேஜர் என்னையே மடித்து அலமாரியில் வைத்துவிடுவான். சீசன் முடியட்டும், வருகிறேன்.

பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு. பாத்திரம் கிடக்கட்டும். பாத்திரம் அழாது. ரேடியோவைத் துணி மடிக்க, டயப்பர் எடுத்துக் கொடுக்க என்று கூடவே வைத்துக்கொள். "நீ பெரியவ, நீதான் எனக்கு ஒத்தாசை" என்று சொல்லு. பூரித்துப் போவாள்.

எல்லாம் எழுதினாய். லிஃப்ட், தையற்காரர், பூனை வரை எழுதினாய். பையனைப் பற்றி ஒரு வரியும் இல்லையே? யார் ஜாடை? கை விரல் நீளமா? நம் அப்பாவின் காது இருக்கிறதா? அடுத்த கடிதத்தில் அவனைத் தலையிலிருந்து கால்வரை எனக்கு எழுது.

எந்நேரமும் உன் நினைப்போடு,
அக்கா

ஏப்ரல் 3

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை.

பையனைப் பற்றி எழுதச் சொன்னாய். நல்ல நிறம். தலை நிறைய முடி. எடை கூடுகிறது என்று நர்ஸ் சொன்னார். காது அப்பாவுடையதா என்று பார்த்தேன், தெரியவில்லை. பால் குடிக்கிறான், தூங்குகிறான், அழுகிறான். அதிகம் படுத்துகிற பிள்ளை இல்லை. வேறு என்ன எழுத வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில்தான் இத்தனை வாரம் போய்விட்டது.

ரேடியோ ஷூ நாடா கட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள், அக்கா. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். நர்சரி ஆயாவாம். நான் வாசலில் இவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றேன். அவள் தரையில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு வளையம், இன்னொரு வளையம் என்று தானே கட்டி முடித்துவிட்டு எழுந்து போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் ஒரு பொத்தான் போட்டால்கூட "அம்மா, பாரு பாரு" என்பாள்.

மத்தியானங்களில் நாங்கள் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து காகிதம் வெட்டுவோமே, உனக்கு நினைவிருக்கும். இப்போது கத்திரிக்கோலை எடுத்தால் இவன் விழித்துக்கொள்கிறான். "தம்பி தூங்கினதும் வெட்டலாம்" என்கிறேன். அவன் தூங்கும்போது நான் தூங்கிப் போகிறேன். எழுந்து பார்த்தால் அவள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று பேராக இருந்தபோது எங்களுக்கு என்ன குறை இருந்தது என்று சில சமயம் யோசிக்கிறேன். இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நீதானே படிக்கப் போகிறாய்.

அன்புடன்,
தங்கை

ஏப்ரல் 15

என் தங்கைக்கு,

நான் நலம். உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன், சாப்பாடு ஆறிப்போனது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் சொல்லு.

அடி பைத்தியமே, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். என்னுடன் விரிப்பு மடிக்கிற அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். அவரிடம் கேட்டேன். "ரெண்டாவது பொறந்தப்ப நானும் ஆறு மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டுதான் இருந்தேன், அப்புறம் பாரு, அவன்தான் இப்ப எனக்கு உசுரு" என்றார். போகப் போகப் பழகிவிடும். அவன் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் நீ இதையெல்லாம் மறந்தே போய்விடுவாய்.

தலை வாரிக்கொள். வெளியே போ. அவனைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ரேடியோவையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் ஒரு நடை நட. நாலு சுவருக்குள்ளேயே இருந்தால் யாருக்கும் மனசு கெட்டுப்போகும்.

பிள்ளைகள் இருவருக்கும் சட்டை அனுப்பியிருக்கிறேன். ரேடியோவுக்குப் பை வைத்த பாவாடை. பையனுடையது பெரிதாக இருந்தால் பத்திரமாக வை, வளர்ந்துவிடுவான்.

தைரியமாக இரு.
அக்கா

மே 28

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய். சட்டைகள் வந்தன, அளவு சரியாக இருக்கிறது. பையன் சிரிக்கிறான். நீ சொன்னபடி தினமும் வெளியே போகிறோம். வேறு விசேஷம் இல்லை.

தங்கை

ஜூன் 6

தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன், அதை விடு. இது என்ன கடிதம்? மின்சார ஆபீசில் இருந்து வருகிற காகிதத்தில்கூட இதைவிட நாலு வார்த்தை அதிகம் இருக்கும். பையன் சிரிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். நீ சிரிக்கிறாயா?

போனவாரம் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "குளிக்கிறா, அக்கா" என்றார். அடுத்த நாளும் செய்தேன். தூங்குகிறாய் என்றார். எனக்கு என்னவோ போல் இருக்கிறது. போன தடவை நான் எழுதியதை இப்போது நினைத்துப் பார்த்தால், கதவைத் தட்டியவளுக்குத் திறக்காமல் உள்ளே இருந்தே சத்தமாகப் பதில் சொன்ன மாதிரி இருக்கிறது. நீ இன்னொரு தடவை தட்டு. திட்டி எழுது, அழுது எழுது. வெறும் காகிதத்தை அனுப்பினாலும் சரி.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

ஜூலை 8

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் வைத்துப் பேசவும் முடியாது.

சென்ற வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தேன். போன் வந்தது. எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரம்மா. "சார், உங்க குழந்தை இங்க இருக்கு. உங்க வீட்டம்மா கிளம்பி ரொம்ப நேரமாச்சு. பக்கத்துல எங்கயாவது போயிருப்பாங்கன்னு பாத்தேன், வரலை" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிரீஸ் கையோடு ஓடினேன். எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி நின்றது. பையனை அந்த அம்மா மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அழுது அழுது அவனுக்குக் குரல் போயிருந்தது.

இவளுக்கும் பெரியவளுக்கும் ஏதோ ஆகிவிட்டது, எங்கோ அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்றே நினைத்தேன். படியேறி வந்து கதவைத் திறந்தால் இருவரும் தரையில் உட்கார்ந்து வண்ணக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்கள், அக்கா. அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்றால், அந்த நிமிஷம் எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் கையில் பையனைப் பார்த்ததும் அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"மறந்துட்டேன்" என்றாள். பெரியவளிடம் கேட்டேன். "நாங்க மறந்துட்டோம்பா" என்றாள்.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். தூக்கமே இல்லாவிட்டால் மூளை இப்படிச் செய்யும், வேறு பயமில்லை என்றார். இரும்புச் சத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார். என் அக்காவை வரச் சொல்லியிருக்கிறேன், சில மாதம் கூட இருப்பாள். நான் இவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினாலாவது பேசுவாளோ என்னவோ. பெரியவளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. ரேடியோ பாடுவதே இல்லை. படுக்கையை நனைக்கிறாள்.

நீங்கள் ஒரு ஆறுதல் எழுதினால் நன்றாக இருக்கும். உங்கள் எழுத்தைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாள்.

தங்கள் அன்பிற்குரிய,
மாப்பிள்ளை

ஜூலை 15

என் தங்கமே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாப்பிள்ளை எழுதியிருந்தார். அவர்மேல் கோபப்படாதே, பயத்தில் எழுதிவிட்டார்.

மறதிதானே. யாருக்குத்தான் இல்லை? போன மாதம் இங்கே ஒருத்தி கல்யாண மோதிரத்தைத் துண்டோடு மெஷினில் போட்டுவிட்டாள். நான் என் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மாற்றுச் சாவி கேட்டு எங்கள் விடுதி வார்டன் அறைக் கதவைத் தட்டினேன். தூக்கம் இல்லாத உடம்பு என்னதான் செய்யும்? பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் முக்கியம். அந்த நாளைத் துடைத்துப் போட்டுவிடு.

உன் நாத்தனார் வருகிறாராம். ஸ்கூல் வேனில் முப்பது பிள்ளைகளை மேய்த்தவர், சத்தமாகப் பேசுவார், ஆனால் நல்ல மனுஷி. அவர் கையில் பையனைக் கொடுத்துவிட்டு நீ தூங்கு.

ஒரே ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

அக்கா

ஜூலை 29

அக்கா,

நீ நலமா, நான் நலம் என்றெல்லாம் இன்று எழுத முடியவில்லை.

நான் மறக்கவில்லை.

மோதிரத்தையும் சாவியையும் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கிறது. எல்லோரும் எனக்காக ஒரு காரணம் தைத்துக் கொடுக்கிறீர்கள். அளவு சரியாகவும் இருக்கிறது. போட்டுக்கொண்டு நடமாடுகிறேன். உள்ளே நெரிக்கிறது.

ரேடியோவை நர்சரியிலிருந்து கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். இவன் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். ரேடியோ எடை மெஷின்மேல் ஏறி நின்றாள். "நீயும் ஏறும்மா" என்றாள். வண்டியைச் சுவரோரம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். முள் எங்கேயோ போய் நின்றது. "நாம ரெண்டு பேரும் யானை" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இறங்கும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, என் கை இரண்டும் காலியாக இருந்தன. அப்படியே நடந்தோம். மருந்தும் வாங்கவில்லை.

கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். "அம்மா, தம்பி" என்றாள்.

"தெரியும், வா" என்றேன்.

என் வாயால் சொன்னேன், அக்கா. தூக்கத்தில் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்தாள்.

அவனை எனக்குப் பிடிக்காமல் இல்லை. அவன்மேல் கோபமும் கிடையாது. நல்ல பிள்ளை, ஆனால் யாருடைய பிள்ளையோ. நான் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பிள்ளை மாதிரி. பசித்தால் கொடுக்கிறேன், நனைத்தால் மாற்றுகிறேன், ஒரு வேளையும் தவறியதில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, பின்னால் யாரோ நிற்கிறார்கள், அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தோன்றுகிறது. அன்று கடையில், யாராவது கை காலியாக இருக்கிறவர்கள் இவனை எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவனுக்கும் அது நல்லது என்றுகூட நினைத்தேன்.

இதைவிட மோசமானதையும் சொல்லிவிடுகிறேன். வீடு வரும்வரை நான் சந்தோஷமாக இருந்தேன். வெயில் நன்றாக இருந்தது. படி ஏறும்போது வலிக்கவில்லை. காகிதத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அவளும் சிரித்தாள். நான் சிரித்ததால்தான் அவள் சிரித்தாள் என்பது இப்போது புரிகிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.

அவர் வந்து கேட்டபோது, "நாங்க மறந்துட்டோம்பா" என்று அவள் சொன்னாளே, அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் "மறந்துட்டேன்" என்றேன். அவள் "நாங்க" என்றாள்.

நாத்தனார் வந்துவிட்டார். அன்பாகத்தான் இருக்கிறார். இதை நீ யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொன்னதும் நெஞ்சில் கொஞ்சம் இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது. அது போதும் எனக்கு.

தங்கை

ஆகஸ்ட் 6

என் தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முதலில் அதைத் தெரிந்துகொள். உன்மேல் எனக்கு வெறுப்பில்லை, அருவருப்பு இல்லை, ஒன்றுமே இல்லை.

ஆனால் நீ கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை. மாப்பிள்ளைக்கும் இன்று எழுதியிருக்கிறேன். நீ எழுதியதில் முக்கியமானதைச் சொல்லிவிட்டேன். இரும்புச் சத்து மாத்திரை இதற்குப் போதாது, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று எழுதினேன். உன்னைத் தனியாக விடாதீர்கள் என்றும் எழுதினேன்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு. காரணத்தை மட்டும் கேட்டுக்கொள்.

நீ பிறந்தபோது எனக்கு ஆறு வயது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நீ அழுவாய். அம்மா கண் திறந்தே இருக்கும், ஆனால் எழுந்திருக்க மாட்டாள். நான் சர்க்கரைத் தண்ணீரில் துணியை நனைத்து உன் வாயில் வைப்பேன். சாயங்காலம் அப்பா வந்து, "அம்மா எங்க?" என்பார். "தூங்குறாங்கப்பா, இப்பதான் தூங்கினாங்க" என்பேன். அப்படிச் சொல் என்று அம்மா எனக்குச் சொன்னதில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வேண்டியது தெரிந்துவிட்டது. பிறகு அம்மா எழுந்தாள், சமைத்தாள், உன்னைக் கொஞ்சினாள், எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னிடம்கூட இன்றுதான் சொல்கிறேன்.

நீ அவனை விட்டுவிட்டு வந்ததைக்கூட நான் தாங்கிக்கொண்டேன். "நாங்க மறந்துட்டோம்பா" என்ற வரியைத்தான் தாங்க முடியவில்லை. உன் ரகசியத்தை நான் காப்பாற்றினால் அவளும் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எனக்குத் தெரியும். அதை அவளுக்குக் கொடுக்காதே.

மானேஜர் என்ன சொன்னாலும் சரி, இந்த மாதக் கடைசியில் வருகிறேன்.

உன்
அக்கா

செப்டம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டுக்கு வந்து போன விருந்தாளி எழுதுவது. சுகமாக ஊர் வந்து சேர்ந்தேன். பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாடு நன்றாக இருந்தது.

விருந்தாளி என்று வேடிக்கைக்கு எழுதவில்லை. எனக்கு நல்ல கோப்பையில் டீ கொடுத்தாய். சலவை விரிப்பு போட்டாய். துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்தாய். நான் இருந்த நாளெல்லாம் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறையில் உன் பின்னாலேயே வந்து நின்றேன். "உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாய். எனக்குத்தான் சொல்கிறாயா என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து நீ என்னை "நீ" என்றுதானே கூப்பிட்டிருக்கிறாய்.

மாப்பிள்ளை உன்னிடம் மெதுவாகத்தான் பேசுகிறார். நாத்தனாரும் குத்திப் பேசவில்லை. ஆனால் நீ பையனிடம் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் பேச்சு நிற்கிறது. அது என் காதுக்கும் கேட்டது. அந்த மௌனத்தை உன் வீட்டுக்குள் கொண்டு வந்தவள் நான்தான். வேறு வழி இருந்ததா என்று ரயிலில் வழி முழுவதும் யோசித்தேன். இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

மாத்திரையை நிறுத்தாதே. டாக்டரம்மாவிடம் போவதையும் நிறுத்தாதே. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

அக்கா

நவம்பர் 24

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கை வலி குறைந்திருக்கும். இங்கே அனைவரும் நலம்.

பையன் இப்போது சாயாமல் உட்காருகிறான். நாத்தனார் அவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, "அத்தை தங்கம் எங்க?" என்றால் கையைத் தூக்குகிறான். நான் கூப்பிட்டாலும் வருகிறான். யார் கூப்பிட்டாலும் வருகிற சுபாவம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். வாரம் ஒரு முறை டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். தூக்கம் வருகிறது. முன்பு போல் எதற்கும் அழுகை வருவதில்லை, வேறு எதுவும் வருவதுமில்லை. அது மருந்தினால்தான், கொஞ்ச காலம் பொறுங்கள் என்கிறார். பொறுத்துக்கொண்டிருக்கிறேன். தங்கள் மாப்பிள்ளை நல்லவராகத்தான் இருக்கிறார். வேலையிலிருந்து மத்தியானம் இரண்டு தடவை போன் செய்கிறார். என்னிடம் பேசிவிட்டு, "அக்காகிட்ட குடு" என்று நாத்தனாரைக் கேட்கிறார்.

தாங்கள் செய்தது சரிதான் என்று டாக்டரம்மா சொன்னார். நானும் அப்படித்தான் சொன்னேன்.

இந்த வாரத்திலிருந்து என்னை வெளியே போக விடுகிறார்கள். பையனையும் கூட்டிப் போகலாம், ஆனால் ரேடியோவும் வர வேண்டும் என்று நாத்தனார் சொன்னார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மருந்துக்கடைக்குப் போவதில்லை, தூரத்துக் கடைக்குப் போகிறோம். நேற்று போனோம். அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தள்ளுவண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கை நீட்டினேன். "வேணாம்மா, நான் இதப் பிடிச்சுக்கறேன்" என்றாள். கடைக்குள் நான் ரொட்டி எடுக்கப் போனபோது வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். தெருவில் பத்தடிக்கு ஒரு தரம் என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, தம்பி இருக்கான்" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நல்ல குரல். ஒத்தாசைக் குரல். ஒவ்வொரு தரமும் "தெரியும்" என்று வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு "ஆமாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் ஓடிப்போய், "அம்மா இன்னிக்கு மறக்கவே இல்லை, அத்தை" என்றாள். எல்லாம் தெரிந்த பிறகும் சொல்கிறாள், அக்கா. அவள் அப்பா அவளை மடியில் உட்கார்த்தி எல்லாவற்றையும் பேசியாயிற்று, டாக்டரம்மாவும் படம் வரையச் சொல்லிப் பேசியாயிற்று. அப்பாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னவள்தான். இருந்தும் சொல்கிறாள். இப்போது அது பொய்கூட இல்லை. என்னைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், ஐந்து வயதில், கை வலிக்க வலிக்க.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது போகுமா என்று தெரியவில்லை. ஆனால் இதைக் கேட்க எனக்கு வேறு யாருமில்லை. அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, உன்னிடம் யாரும் ஒன்றும் கேட்காதபோது, "அம்மா இப்பதான் தூங்கினாங்க" என்று சொல்வதை நீ எப்போது நிறுத்தினாய்? ஒரு நாள் தானாக நின்றதா? எந்த வயதில்? எனக்குத் தெரிய வேண்டும், அக்கா. என்ன பதிலாக இருந்தாலும் எழுது.

உன்
தங்கை